மீட்டர் நின்றுபோன பைக்கில் கிலோமீட்டர் எண்ணைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

மீட்டர் நின்றுபோனால் எல்லோர் கண்ணும் முள்ளின் மேல்தான் போகிறது. வேகத்தை ஒரு மாதிரி ஊகித்து ஓட்டிவிடலாம். ஓடிய தூரத்தை அப்படி ஊகிக்க முடியாது. ஆயில் எப்போது மாற்றுவது, செயின் எவ்வளவு ஓடியிருக்கிறது, விற்கும்போது என்ன எண் சொல்வது என்று எல்லாமே அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருக்கும் எண்ணைத்தான் நம்பியிருக்கின்றன.

முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடும் முள் மீட்டருக்கான வழிகாட்டி இது. பழைய ஸ்ப்ளெண்டர், சிடி 100, பழைய புல்லட் போன்ற வண்டிகள் இந்த வகை. டிஜிட்டல் மீட்டருக்குக் கடைசியில் தனியாகச் சில வரிகள் இருக்கின்றன.

முதலில் பழுது, அடுத்து கணக்கு, அப்புறம் எழுத்துப் பதிவு, கடைசியாக மீட்டரில் எண். இந்த வரிசை முக்கியம். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள்: மீட்டரைத் திறந்து எண்ணைத் திருப்பிவிட்டு, அதன்பிறகு கேபிளைப் பார்க்கிறார்கள். கேபிள் மறுபடி அறுந்தால் திருப்பிய எண்ணும் பொய்யாகிவிடும்.

1. ஸ்பானரை எடுப்பதற்கு முன்

மீட்டரைப் படம் எடுங்கள். எண் தெளிவாக விழ வேண்டும். பழுது எந்த எண்ணில் தொடங்கியது என்பதற்கு இந்தப் படம்தான் சாட்சி. வேலையின்போது கேபிளைச் சுற்றிப் பார்ப்பீர்கள், எண் கொஞ்சம் நகரும். அப்புறம் பழைய எண் எது என்று யாருக்கும் நினைவிருக்காது.

எண்ணைப் படிப்பதிலேயே ஒரு தவறு நடக்கிறது. பல மீட்டர்களில் கடைசி உருளை மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது 100 மீட்டர் கணக்கு. 421806 என்று தெரிந்து கடைசி 6 வேறு நிறமானால், வண்டி ஓடியது 42,180 கி.மீ. நாலு லட்சம் அல்ல.

கையில் வேண்டியவை: நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் பெரியது ஒன்று, சின்னது ஒன்று, முன் ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், பிளேயர், கிரீஸ், வெள்ளைத் துணி, திருகுகளைப் போட ஒரு கிண்ணம். பழைய மீட்டர் கேபிள் ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அதன் உள்கம்பி பின்னால் தேவைப்படும்.

காகிதங்களும் வேண்டும்: கடைசி சர்வீஸ் ஜாப் கார்டு, பெட்ரோல் போட்ட யுபிஐ கணக்கு, போனில் இருக்கும் பழைய படங்கள். சர்வீஸ் ஜாப் கார்டில் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். ஆர்சியில் அது இருக்காது, அங்கே தேட வேண்டாம்.

2. நின்றது எது?

முள்ளும் எண்ணும் ஒரே கேபிளில் ஓடினாலும், மீட்டருக்குள் போனதும் இரண்டுக்கும் வழி பிரிந்துவிடும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதன் இழுப்பில் ஒரு அலுமினியக் கிண்ணம் திரும்ப, அதோடு முள் எழுகிறது. ஒரு மெல்லிய சுருள் கம்பி முள்ளைத் திரும்பக் கீழே இழுக்கிறது. எண்ணுக்குக் காந்தம் தேவையில்லை. அது வார்மும் (திருகு வடிவப் பல்) பல்சக்கரங்களுமாக நேரடியாக எண் உருளைகளுக்குப் போகிறது. எனவே எது நின்றிருக்கிறது என்று பார்த்தாலே பழுது எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

முள், எண் இரண்டும் நின்றால்: கேபிள், அல்லது சக்கரத்தில் இருக்கும் மீட்டர் வார்ம். பெரும்பாலும் கேபிள்தான்.

முள் ஆடுகிறது, எண் மட்டும் நின்றுவிட்டது: மீட்டருக்குள் எண்ணை ஓட்டும் பிளாஸ்டிக் பல் போயிருக்கிறது. கேபிளை மாற்றிப் பயனில்லை.

எண் ஓடுகிறது, முள் மட்டும் கிடக்கிறது: காந்தம், கிண்ணம், சுருள் கம்பி ஆகியவற்றில் ஏதோ ஒன்று. உங்கள் கிலோமீட்டர் கணக்கு கெடவில்லை. மீட்டரைப் பழுது பாருங்கள், எண்ணைத் தொட வேண்டாம்.

முள் துள்ளுகிறது: கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. இந்த நிலையிலேயே கவனித்துவிட்டால் இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

உறுதி செய்ய, வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். மீட்டருக்குக் கீழே கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றி, சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். கேபிளின் சதுர முனை சுற்றினால் கீழே எல்லாம் சரி, பழுது மீட்டரில். சுற்றவில்லை என்றால் பழுது கேபிளில் அல்லது சக்கரத்தில்.

சுற்றும் முனையை நேருக்கு நேர் பார்த்து, அது எந்தத் திசையில் சுற்றுகிறது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் அறுந்திருந்தால் புதுசு போட்டபின் குறிக்கலாம். ஏழாவது படியில் இந்தக் குறிப்பு இல்லாமல் வேலை நடக்காது.

3. பழுதை முடியுங்கள்

உள்கம்பி இரண்டு துண்டாக வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது. உடனே புதுசு மாட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அறுந்த உள்கம்பியில் சதுர முனை உள்ள துண்டை மீட்டரின் அடித்துளையில் நுழைத்து, விரலால் உருட்டிப் பாருங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் மீட்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது, கேபிளை அறுத்ததே அதுதான். அதோடு புதுக் கேபிளை மாட்டினால் அதுவும் அறுந்துவிடும். ‘டூப்ளிகேட் கேபிள், ஒரு வாரம்கூட வரவில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

புதுக் கேபிளுக்குக் கிரீஸ் தடவும்போது உள்கம்பியின் கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் காய்ந்தே இருக்கட்டும். சுற்றும் கம்பி கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே போகும். அது மீட்டருக்குள் போனால் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு, முள் எப்போதும் அதிக வேகம் காட்டும்.

கேபிளைப் பழைய வழியிலேயே, அதே கம்பி வளையத்துக்குள் விட்டுக் கொண்டுபோங்கள். மாட்டியபின் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் மடங்கவோ இழுபடவோ கூடாது.

கேபிள் நன்றாக இருந்து, கீழே வார்ம் தேய்ந்திருந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டிரம் பிரேக் வண்டியில் வார்ம் பிரேக் பிளேட்டுக்குள் இருக்கும். மாட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை.

ஒன்று, வார்மைச் சுற்றவைக்கும் இரண்டு சின்னத் தகட்டுக் காதுகள். அவை சக்கர ஹப்பில் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராமலே ஆக்சிலை முறுக்கினால் காதுகள் நசுங்கிவிடும். புது வார்ம் மாட்டிய அன்றே மீட்டர் மறுபடி நிற்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது மீட்டரைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. பிரேக் பிளேட்டில் இருக்கும் பள்ளம், ஃபோர்க்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே சேர்ந்து சுழலும், முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆக்சிலை முறுக்கும் முன் குனிந்து கண்ணால் பாருங்கள். முறுக்கியபின் வண்டியைத் தள்ளி பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். இதில் சந்தேகம் இருந்தால் சக்கர வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். வார்முக்கு வைக்கும் கிரீஸும் அளவாக இருக்கட்டும். பிதுங்கி பிரேக் ஷூவில் பட்டால் பிரேக் போய்விடும்.

4. எண்ணைத் தொடுமுன் அளவைச் சோதியுங்கள்

மீட்டர் ஓட ஆரம்பித்ததும் சரியாகத்தான் ஓடுகிறது என்று நம்பிவிட வேண்டாம். கடையில் தரும் வார்ம் வேறு மாடலுடையதாக இருக்கலாம். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த விகிதத்தில் தவறும்.

போக்குவரத்து குறைந்த நெடுஞ்சாலையில் 10 கி.மீ. ஓட்டுங்கள். கிலோமீட்டர் கற்களை வைத்தும் அளக்கலாம், போனில் ஜிபிஎஸ் வைத்தும் அளக்கலாம். கற்களை நம்பினால் இடையில் புறவழிச்சாலை வராத இடமாகப் பாருங்கள். வழி மாறிய இடங்களில் கல்லின் எண்ணும் உண்மைத் தூரமும் ஒத்துப்போகாது. மீட்டர் 9.8 முதல் 10.2 வரை காட்டினால் போதும். 10.8, 9.1 என்றெல்லாம் வந்தால் வார்ம் தவறு, அல்லது அளவு மாறிய டயர் மாட்டியிருக்கிறது.

முள்ளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிபிஎஸ் 55 காட்டும்போது முள் 58 காட்டுவது இயல்பு. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக முள்ளைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பார்கள். தூரக் கணக்கில் அந்தச் சலுகை கிடையாது.

இதே சமயத்தில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். டேங்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜ் பாருங்கள். இரண்டு முறை செய்தால் நல்லது. விட்டுப்போன தூரத்தைக் கண்டுபிடிக்க இந்த மைலேஜ்தான் முக்கியமான எண். ‘என் வண்டி 65 கொடுக்கும்’ என்று வாங்கிய நாளிலிருந்து சொல்லிவரும் எண்ணை இங்கே போடக் கூடாது.

எண் உருளை மட்டும் பழுதான வண்டியில் இப்போது மீட்டரில் தூரம் பார்க்க முடியாது. டேங்கிலிருந்து டேங்க் வரை ஓடிய தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. விட்டுப்போன தூரம் எவ்வளவு?

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். பெரும்பாலானவர்கள் ஒரே நிமிடத்தில் ‘ஒரு மூவாயிரம் இருக்கும்’ என்று முடித்துவிடும் படியும் இதுதான்.

மீட்டர் எந்த நாளில் நின்றது என்று முதலில் நெருக்கிப் பிடியுங்கள். நின்ற எண் மீட்டரிலேயே இருக்கிறது, தேதிதான் தெரியாது. கடைசி சர்வீஸில் 41,650, நின்றது 42,180 என்றால் இடையில் 530 கி.மீ. மாதம் 600 கி.மீ. ஓட்டுகிறவர் என்றால், சர்வீஸ் முடிந்து நான்கு வாரம் போல ஆனபின் நின்றிருக்கும். அந்த வாரத்துப் படங்களில் மீட்டர் விழுந்திருந்தால் இன்னும் நெருங்கலாம்.

அப்புறம் இரண்டு தனி வழிகளில் தூரத்தைக் கணக்கிடுங்கள். ஒன்று மற்றொன்றைச் சோதிக்கும் என்பதற்காகத்தான் இரண்டு.

பெட்ரோல் வழி: மீட்டர் நின்ற நாளிலிருந்து ஓட ஆரம்பித்த நாள் வரை போட்ட பெட்ரோல் தொகையைக் கூட்டுங்கள். 4,545 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 101 ரூபாய் என்றால் 45 லிட்டர். நான்காவது படியில் கிடைத்த மைலேஜ் 55 என்றால் 45 × 55 = 2,475 கி.மீ.

பயண வழி: வேலைக்குப் போய்வர 22 கி.மீ., மாதம் 25 நாள், நான்கு மாதம்: 2,200. விடுப்பு 6 நாள் கழித்தால் 2,068. சென்னையிலிருந்து ஒரு முறை திருவண்ணாமலை போய்வந்தது 390. கடை, கோயில், உறவினர் வீடு என்று வாரம் 12 வீதம் 17 வாரத்துக்கு 204. மொத்தம் 2,662.

இரண்டுக்கும் வித்தியாசம் 187. பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் கணக்கு நம்பகமானது. இருபது சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வழக்கமான ஓட்டைகள்: ரொக்கமாகப் போட்ட பெட்ரோல் கணக்கில் வரவில்லை, அல்லது தம்பி வண்டியை எடுத்துப் போன நாட்கள் மறந்துவிட்டன. தம்பி பெட்ரோலும் போட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

போனில் கூகுள் மேப்ஸின் டைம்லைன் ஓடிக்கொண்டிருந்தால் அதை மூன்றாவது சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேருந்தில் போனதையும் சில நேரம் பைக் என்றே போட்டு வைத்திருக்கும். நாள் நாளாகப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

கிடைத்த இரண்டில் எதை எடுப்பது? பெரியதை எடுத்து, மேல்நோக்கி முழுமையாக்குங்கள். இங்கே 2,700. சராசரி எடுக்கலாமே என்று கேட்பார்கள். எண் கொஞ்சம் கூடினால் ஆயிலை ஒரு வாரம் முன்னதாக மாற்றுவீர்கள், நஷ்டம் உங்களோடு போகும். எண் குறைந்தால் நாளை வண்டியை வாங்குபவர் தலையில் அது விழும்.

இந்த 2,700-ஐ ‘சேர்க்கும் எண்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். நேராக 44,880 என்று இலக்கை எழுதிவைக்க வேண்டாம். ஏனென்றால் பழுதுக்குப் பின் மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. எண்ணைத் திருப்பும் நாளில் அது 42,460 காட்டினால் வைக்க வேண்டியது 45,160. முன்பே எழுதிய 44,880-ஐ வைத்தால் நடுவில் ஓடிய 280 கி.மீ. காணாமல் போகும். கணக்கை அழகாகப் போட்டவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

6. மீட்டருக்கு முன் காகிதத்தில் திருத்துங்கள்

சர்வீஸ் புத்தகத்தில், அல்லது வண்டியோடு வைத்திருக்கும் ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: மீட்டர் நின்ற எண், ஏறக்குறைய எந்தத் தேதி, பழுது பார்த்த தேதி, என்ன மாற்றப்பட்டது, சேர்க்கும் எண், அது எப்படி வந்தது. கேபிள் பில்லையும் படங்களையும் அதோடு சேர்த்துவையுங்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான திருத்தம் இந்தப் பக்கம்தான். உருளையைத் திருப்புவது வசதிக்காக. பலருக்கு இந்தப் படியோடு நிறுத்திவிடுவதே நல்லது. சைடு பேனலின் உட்புறம் ‘மீட்டர் எண்ணோடு 2,700 சேர்க்கவும்’ என்று தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் வேலை முடிந்தது. மீட்டரைத் திறக்க வேண்டாம், முள் உடையும் பயமும் இல்லை.

மீட்டரே சரியான எண்ணைக் காட்ட வேண்டும் என்றால் மேலே படியுங்கள். உண்மையில் ஓடிய தூரத்துக்கு எண்ணைக் கொண்டுவருவது மட்டும்தான் திருத்தம். அதற்குக் கீழே இறக்கி விற்றால் வாங்குபவரை ஏமாற்றிய குற்றம், வழக்கு வரைக்கும் போகும். மீட்டர் ரிப்பேர் கடைக்குப் போனால் முதல் கேள்வியே ‘எவ்வளவு குறைக்கணும்?’ என்றுதான் வரும். ‘கூட்டணும்’ என்று சொன்னால் ஒரு கணம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சேர்க்கும் எண்ணை எழுதிக் கொடுத்து, பழைய எண், புது எண் இரண்டையும் பில்லில் போடச் சொல்லுங்கள்.

7. சின்ன இடைவெளிக்கு: டிரில் மெஷின்

நூறு இருநூறு கிலோமீட்டர்தான் விட்டுப்போயிருக்கிறது என்றால் மீட்டரைத் திறக்காமலே ஓட்டிவிடலாம்.

மீட்டரை வண்டியிலிருந்து கழற்றுங்கள். பழைய கேபிளின் உள்கம்பியில் சதுர முனையோடு ஒரு சாண் வெட்டி, வெட்டிய பக்கத்தை டிரில்லில் பிடித்து, சதுர முனையை மீட்டரின் அடித்துளையில் செருகுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரில்லாக இருக்க வேண்டும். ஒரே வேகத்தில் பாயும் மெஷின் முள்ளைக் கடைசி வரை அடித்து, சுருள் கம்பியைக் கெடுத்துவிடும்.

திசை: இரண்டாவது படியில் குறித்தீர்களே, அதே திசை. தவறான திசையில் முள் எழாது, பல மீட்டர்களில் எண் பின்னோக்கி ஓடும். முதலில் சில நொடி மட்டும் ஓட்டி, கடைசி உருளை முன்னோக்கிப் போகிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? ஜப்பானிய முறை மீட்டர்களில் கேபிள் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றினால் முள் 60-இல் நிற்கும், அதாவது கிலோமீட்டருக்கு 1,400 சுற்று. உங்கள் மீட்டர் எந்த முறை என்று தெரியாவிட்டாலும் பாதகமில்லை. நன்றாக இருக்கும் எந்த மீட்டரிலும் முள் 60-இல் நின்றால் எண் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டரை ஒட்டி ஏறும். 100 கி.மீ. ஏற்ற 1 மணி 40 நிமிடம். நம் உதாரணத்தின் 2,700-க்கு 45 மணி நேரம். டிரில்லும் தாங்காது, மீட்டரின் அச்சைத் தாங்கும் புஷ்ஷும் தாங்காது, வீட்டில் இருப்பவர்களும் தாங்க மாட்டார்கள்.

முள்ளை 60, 70-க்குள் வைத்து, இடையிடையே நிறுத்தி டிரில்லை ஆறவிடுங்கள். சீக்கிரம் முடிக்கலாம் என்று 120-இல் ஓட்டினால், எண் ஏறி முடியும்போது மீட்டர் கிறீச்சிட ஆரம்பித்திருக்கும்.

8. பெரிய இடைவெளிக்கு: எண் உருளைகளைத் திருப்புவது

வெளிச்சமான இடத்தில், வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். கை சுத்தமாக இருக்க வேண்டும். எண் முகப்பில் விரல் ரேகை படிந்தால் கண்ணாடிக்குள் அது என்றைக்கும் தெரியும்.

பிளாஸ்டிக் கூடு உள்ள மீட்டரில் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினால் கண்ணாடி தனியாக வரும். பழைய புல்லட் போன்றவற்றில் உலோக விளிம்பை மடித்து மூடியிருப்பார்கள். அதைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் திறக்க வேண்டும், திரும்ப மூடும்போது நீர் புகாமல் மடிக்கவும் வேண்டும். அந்த வகையை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள், கடைக்குக் கொடுங்கள்.

திறந்ததும் உடனே முள்ளைப் பிடுங்க வேண்டாம். மீட்டர் சட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். உருளைகளின் அச்சுக்குப் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ கை எட்டினால் முள்ளையும் முகப்புத் தகட்டையும் தொடவே தேவையில்லை. முள்ளைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அது ஓய்வாக நிற்கும் இடத்தைப் படம் எடுத்து, நேராக மேல்நோக்கி எடுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் அச்சு வளையும், முள் அதன்பிறகு எந்த வேகத்தையும் சரியாகக் காட்டாது. முள்ளுக்கு அடியில் இருக்கும் சுருள் கம்பியை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

உருளைகள் வரிசையாக ஒரே அச்சில் இருக்கும். ஒவ்வொரு இரண்டு உருளைக்கும் இடையில் ஒரு பினியன், அதாவது சின்னப் பல்சக்கரம். வலது உருளை ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது பினியன் இடது உருளையை ஒரே ஓர் எண் தள்ளும். உருளையை வெறுமனே விரலால் திருப்ப முடியாததற்குக் காரணம் இந்தப் பினியன்தான். அழுத்தித் திருப்பினால் பல் உடையும். மீட்டர்கள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்த ஓர் அவசரத்தால்.

சரியான முறை: அச்சின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்து, உருளை வரிசையைப் பினியனிலிருந்து ஒரு மி.மீ. போல விலக்குங்கள். விலகியதும் உருளைகள் தனித்தனியாகத் திரும்பும். இடது பக்கப் பெரிய எண்ணிலிருந்து வலது நோக்கி வையுங்கள். எல்லா எண்ணும் ஒரே நேர்கோட்டில் வந்ததும் பினியனோடு சேர்த்து, கிளிப்பைப் போடுங்கள். எண் மட்டும் ஓடாமல் நின்ற மீட்டர் என்றால் உடைந்த பிளாஸ்டிக் பல்லையும் இப்போதே மாற்றிவிடலாம்.

வைக்கும் எண்ணில் ஒரு தந்திரம் உண்டு. இலக்கு 45,160 என்றால் 45,159-இல் வையுங்கள். டிரில்லைப் போட்டு மெதுவாக ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். 59 போய் 60 வரும்போது பத்தாம் இட உருளை சுத்தமாக ஓர் எண் நகர வேண்டும். பாதியில் நின்றாலோ இரண்டு எண்ணுக்கு நடுவில் தொங்கினாலோ பினியன் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மூடுவதற்கு முன் இதைப் பார்க்காதவர்கள் மீட்டரை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

உருளையில் அழுக்கு இருந்தால் காய்ந்த மென்தூரிகையால் தட்டினால் போதும். பெட்ரோல், தின்னர், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். எண்ணின் பெயின்ட் உரிந்துவிடும்.

மூடும்போது கண்ணாடியின் ரப்பர் வளையம் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதல் மழைக்கே உள்ளே ஆவி பிடிக்கும். புது எண்ணையும் படம் எடுத்து நோட்டில் சேருங்கள்.

9. மீட்டரையே மாற்றினால்

புது மீட்டர் பூஜ்யத்தில் வரும். அப்போது சேர்க்கும் எண் என்பது பழைய மீட்டரில் நின்ற எண்ணும் விட்டுப்போன தூரமும் சேர்ந்தது: 42,180 + 2,700 = 44,880. மாட்டுவதற்கு முன்பே உருளையைத் திருப்பிவிடுவது எளிது. ஆனால் புது மீட்டரைத் திறந்தால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் மாட்டிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைத்தெருக்களில் வாங்கிய பழைய மீட்டர் என்றால் வேறு வண்டியின் எண்ணோடு வரும். அது 71,000 காட்டி, உங்கள் வண்டி 44,880 தான் ஓடியிருந்தால், எண்ணைக் கீழே இறக்குவது நியாயமே. இறக்க நியாயம் உள்ள ஒரே சூழ்நிலை இதுதான். இதற்குக் காகிதம் இரண்டு மடங்கு அவசியம்: பழைய மீட்டரின் படம், வாங்கிய மீட்டரின் படம், திருத்தியபின் படம். உடைந்த பழைய மீட்டரையும் எறிந்துவிடாமல் வண்டி உங்களிடம் இருக்கும்வரை வைத்திருங்கள்.

வாங்கும்போது எண்ணைப் பார்ப்பதைவிட, மீட்டர் உங்கள் மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். கேபிள் முனை பொருந்தினாலே சரி என்று நினைக்கக் கூடாது. உள்ளே பல் விகிதம் வேறாக இருந்தால் நான்காவது படியின் 10 கி.மீ. சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

10. டிஜிட்டல் மீட்டருக்கு

இங்கே எண் ஒரு நினைவகச் சில்லில் இருக்கிறது. கேபிளுக்குப் பதில் சக்கரத்திலோ கியர் பெட்டியிலோ ஒரு சென்சார். மீட்டர் விளக்கு எரிந்து வேகம் மட்டும் பூஜ்யம் காட்டினால் முதலில் சென்சாரின் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். ஏபிஎஸ் வண்டியில் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் சந்தேகம் சக்கர சென்சார் மேல் போக வேண்டும்.

எண்ணை மாற்றச் சில்லில் கைவைக்கும் தெருக்கடைகள் இருக்கின்றன. போகாதீர்கள். எழுதும்போது ஒன்று பிசகினால் முழு மீட்டரும் போகும், வாரன்டி இருந்தால் அதுவும் போகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பழைய எண்ணையும் மீட்டர் மாற்றிய தேதியையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். விட்டுப்போன தூரத்துக்கு ஐந்தாவது, ஆறாவது படிகள் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

11. திருத்தியபின்

அடுத்த ஆயில் மாற்றத்தைச் சேர்க்கும் எண்ணோடு கூட்டிய கணக்கில் வையுங்கள். மீட்டர் நின்றிருந்த காலத்தில் ஒரு ஆயில் மாற்றம் தவறியிருக்க வாய்ப்பு அதிகம். நம் உதாரணத்தில் கடைசி சர்வீஸிலிருந்து 530-ம் 2,700-ம் சேர்ந்து 3,230 கி.மீ. ஓடியாகிவிட்டது, மீட்டரோ 530 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் எண்ணைத் திருப்பும் வேலை தள்ளிப்போனாலும் ஆயிலைத் தள்ளிப்போட வேண்டாம்.

சில வாரம் ஓடியபின் 10 கி.மீ. சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். சரியான வழியில் விடாத கேபிள் கொஞ்ச நாள் ஓடியபிறகுதான் முள்ளைத் துள்ள வைக்கும்.

மீட்டர் ஓடாத வண்டியைத் திருத்தாமலே சாலையில் விட்டிருப்பவர்களுக்கு: வேலை செய்யும் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆம் விதி. 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டும் நாளில் இது நினைவுக்கு வருவதைவிட இப்போதே கேபிளைப் பார்த்துவிடுவது மேல்.

விற்கும் நாளில் நோட்டை வாங்குபவர் கையில் கொடுத்து, மீட்டர் நின்றதையும் சேர்த்த எண்ணையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வார்கள். அந்தப் பேரத்துக்கு இடம் வைத்தே விலை சொல்லுங்கள்.